ஃபெட்ச் சும்மா இருந்துவிடும்: தரவுக் கோப்பு கிடைக்காதபோது செய்யக்கூடாத தவறுகள்

ஜாவாஸ்கிரிப்டில் ஃபெட்ச் கொண்டு தரவு எடுக்கும் பலரும், கோப்பு இல்லாவிட்டால் பிழைகளைப் பிடிக்கும் கேட்ச் பகுதி பார்த்துக்கொள்ளும் என்று நம்பித்தான் எழுதுகிறார்கள். பார்த்துக்கொள்ளாது. சேர்வர் 404, அதாவது கேட்டது இங்கே இல்லை, என்று சொன்னாலும் ஃபெட்சுக்கு அது வந்து சேர்ந்த ஒரு பதில்தான். இணைப்பே கிடைக்கவில்லை, வேறு தளத்தின் தரவை எடுப்பதைக் கட்டுப்படுத்தும் கோர்ஸ் விதி தடுத்துவிட்டது என்பது போன்ற நேரங்களில்தான் அது பிழை எறியும். ஆகவே பதில் வந்த கையோடு ஓகே என்ற பண்பைப் பாருங்கள், நிலைக் குறியீடு 200 முதல் 299 வரை இருந்தால் மட்டுமே அது உண்மையாக இருக்கும், இல்லாவிட்டால் நீங்களே பிழையை எறியுங்கள். தரவைப் படமாக வரைய உதவும் டி3 நூலகத்தில், சீஎஸ்வி (கொமாவால் பிரித்த அட்டவணை) கோப்பை எடுக்கும் ஃபங்ஷன் இதை உள்ளேயே செய்துவிடுவதால், அதில் பழகிவிட்டு வெறும் ஃபெட்சுக்கு வருபவர்கள் இதைக் கட்டாயம் மறந்துவிடுகிறார்கள்.

இதைவிட மோசமானது, இல்லாத கோப்புக்கு 200 வருவது. ஒற்றைப் பக்கத் தளங்களில் தெரியாத முகவரி எதைக் கேட்டாலும் முகப்புப் பக்கத்தையே அனுப்பும்படி சேர்வரை அமைத்து வைத்திருப்பார்கள். கோப்புப் பெயரில் ஓர் எழுத்து பிசகினால்கூட ஓகே உண்மை என்றே வரும், உள்ளே இருப்பதோ எச்டிஎம்எல். நீங்கள் எதிர்பார்த்தது ஜேசன் (சாவியும் மதிப்புமாகத் தரவை எழுதும் வடிவம்) என்றால் முதல் குறியிலேயே பார்ஸ் ஆகாமல், அதாவது வாசிக்க முடியாமல், நின்றுவிடும், அதைப் பார்த்துவிட்டு எங்கே கொமா விட்டுப்போனது என்று நல்ல கோப்பைக் குடைந்துகொண்டிருப்பவர்கள் ஏராளம். சீஎஸ்வி என்றால் அந்தச் சத்தமும் இல்லை, எச்டிஎம்எல்லின் முதல் வரி தலைப்பாகவும் மிச்சம் எல்லாம் பதிவுகளாகவும் ஏறிவிடும். பதிலின் வகையைச் சொல்லும் கன்டென்ட்-டைப் என்ன வந்திருக்கிறது, எதிர்பார்த்த தலைப்புகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது இரண்டு மூன்று வரி வேலைதான்.

சரி, கொழும்பில் இருந்து எழுதுபவர்களை விடாமல் கடிக்கும் ஒன்றுக்கு வருவோம்: திகதியைப் பெயராகக் கொண்ட கோப்புகள். கொழும்புப் பங்குச் சந்தையின் நாள் முடிவு விலைகளை நாளுக்கொரு கோப்பாகச் சேமித்து வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். 2025 ஜனவரி 13 திங்கள் போயா (பௌர்ணமி விடுமுறை), 14 செவ்வாய் தைப்பொங்கல். இரண்டு நாளும் சந்தை இல்லை, கோப்பும் இல்லை, அந்த 404 முற்றிலும் நியாயமானது, அதைச் சிவப்பு எழுத்தில் காட்டி ஆளைப் பயமுறுத்தக் கூடாது. ஆனால் 15ஆம் திகதி புதன்கிழமை சந்தை திறந்திருக்கிறது, கோப்பும் இருக்கிறது, இருந்தும் பக்கம் "சந்தை விடுமுறை" என்கிறது. ஏன்? ஆண்டு, மாதம், நாள் என்று தனித்தனி எண்களாகக் கொடுத்து டேட் உருவாக்கினால் அது உள்ளூர் நள்ளிரவு. அதை டு-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங் கொண்டு எழுத்தாக்கினால் யூடிசி எனும் உலகப் பொது நேரத்துக்கு மாறும், நாம் ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருப்பதால் 14ஆம் திகதி 18:30 ஆகிவிடும். திகதிக்காக அதன் முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்தால் கேட்பது பொங்கல் நாளின் கோப்பை! அந்தக் கோப்பு இல்லை, விடுமுறைக்கென்று நீங்கள் எழுதிய நியாயமான நிரல் கிளை இந்தப் பிழையையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. யூடிசியில் ஓடும் கிளவுட் கணினியில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும், கொழும்பு வெள்ளவத்தையில் ஒருவர் தன் போனில் திறக்கும்போது மட்டும் ஒரு நாள் பின்னால் போகும். கெட்-ஃபுல்-இயர், கெட்-மன்த், கெட்-டேட் மூன்றையும் எடுத்து நீங்களே கோத்துக்கொள்ளுங்கள், மாதம் பூச்சியத்தில் தொடங்குவதால் ஒன்று கூட்ட வேண்டும். பார்ப்பவர் வெளிநாட்டில் இருந்தாலும் கொழும்புத் திகதிதான் வேண்டும் என்றால் ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள இன்ட்ல் (Intl) கொண்டு ஏசியா/கொழும்பு நேர வலயத்தில் எழுதுங்கள். அப்புறம், விடுமுறைப் பட்டியல் ஒன்றைத் தனியாக வைத்து, பட்டியலில் உள்ள நாளுக்கு வரும் 404ஐ மட்டும் விடுமுறை என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

கோப்பு இல்லாத இடத்தில் பூச்சியம் போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். மழை அளவுக் கோப்பு வராத நாளில் பூச்சியம் போட்டால், அன்று மழை பெய்யவில்லை என்று நீங்கள் சாட்சி சொல்கிறீர்கள், சராசரியும் அதோடு சரியும். மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் நல் (null) வைத்தால், வரைபட நூலகமான சார்ட்.ஜேஎஸ் அந்த இடத்தில் கோட்டை இடைவெளி விட்டு வரையும், அதுதான் நேர்மையான படம்.

இலங்கையின் 25 மாவட்டங்களின் கோப்புகளை, பல வேலைகளை ஒன்றாகக் காத்திருக்கும் ப்ரொமிஸ்.ஆல் கொண்டு ஒன்றாக எடுத்தால், ஒன்று தவறினாலும் மொத்தமும் போய்விடும். ஜாவாஸ்கிரிப்டின் 2020ஆம் ஆண்டுத் தரத்தில் வந்த ஆல்-செட்டில்ட் இதற்கானது, ஒவ்வொன்றும் வென்றதா தோற்றதா என்று தனித்தனியாகச் சொல்லும். ஆனால் தோற்றவற்றைச் சத்தமில்லாமல் வடிகட்டிவிட்டு, மிச்சத்தைக் கூட்டி "நாடு முழுவதும்" என்று தலைப்புப் போட்டால் அதுவும் பொய்தான். முல்லைத்தீவு வரவில்லை என்றால் முல்லைத்தீவு வரவில்லை என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பெயர்கள் பற்றி இரண்டு விஷயம். விண்டோஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காமல் திறக்கும் கோப்பு லினக்ஸ் சேர்வரில் திறக்காது, இது பலருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது தமிழ்ப் பெயர்களில் இருக்கிறது. "கொழும்பு" என்பதன் முதல் எழுத்தை ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது, சேர்வருக்கோ இரண்டும் வெவ்வேறு பெயர்கள், வருவது 404. கொட்டாஞ்சேனை, மொரட்டுவை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். நோர்மலைஸ் கொண்டு, ஒரே குறியாகச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு இரண்டு பக்கமும் மாற்றலாம், அதைவிடக் கோப்புப் பெயரை ரோமன் சிறிய எழுத்தில் வைத்துவிட்டுத் தமிழ்ப் பெயரைத் தரவுக்குள் வைப்பது பாதுகாப்பானது.

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே மனம் பொறுக்காத ஒன்று. மும்மொழித் தளங்களில் மொழிக்கொரு ஜேசன் கோப்பு இருக்கும், தமிழ்க் கோப்பு கிடைக்காவிட்டால் ஆங்கிலத்தையோ சிங்களத்தையோ எடுத்துக்கொள் என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். தளம் உடையவில்லை, கொன்சோலில் ஒரு வரிகூட இல்லை, செய்தவரும் தமிழில் திறந்து பார்ப்பதில்லை. "தமிழ்" என்ற பொத்தானை அழுத்தும் ஒரு வயதான அம்மாவுக்கு மட்டும் விண்ணப்பம் புரியாமல் போகிறது, அவர் முறைப்பாடு செய்யவும் போவதில்லை. மாற்று மொழி காட்டுவது சரி, ஆனால் தமிழ்ப் பக்கம் ஏறவில்லை என்று தமிழிலேயே ஒரு வரி காட்டுங்கள், அந்த வரி கோப்பில் இல்லாமல் நிரலுக்குள்ளேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து காணாமல் போகும். தளத்தை வெளியிடத் தயாராக்கும் பில்ட் செய்யும்போது மூன்று கோப்புகளின் சாவிகளையும் ஒப்பிட்டு, ஒன்று குறைந்தாலும் பில்டையே நிறுத்துங்கள். மீண்டும் முயற்சிக்கும் பொத்தானை இணைப்பு அறுந்ததற்கும், சேர்வர் தற்காலிகமாக இயங்கவில்லை என்னும் 503க்கும் மட்டும் கொடுங்கள், 404க்கு அதை எத்தனை தரம் அழுத்தினாலும் பெரும்பாலும் பயன் இல்லை.