பேதிக் கிருமிகளுக்கான அகார்களை ஒப்பிடும் முறை

கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் மழை தொடங்கியதும் எங்கள் சிறிய ஆய்வகத்துக்கு மல மாதிரிகள் அதிகம் வரும். கிருமிகளை வளர்க்க உதவும் கூழ்போன்ற ஊடகமான அகாரில் எதை வாங்குவது என்று அப்போது பலர் கேட்பார்கள். விலைப்பட்டியலை வைத்து முடிவெடுக்காமல், ஒரே மாதிரியை ஒரே வேளையில் எல்லா அகார்த் தட்டுகளிலும் தீற்றிப் பாருங்கள்.

பேதிக் கிருமிகளைப் பிரித்தறிய உதவும் மெக்காங்கி, எக்ஸ்எல்டி, டிசிஏ ஆகிய அகார்களுடன், கிருமி எதையும் தடுக்காத நியூட்ரியன்ட் அகாரையும் அதே நாளில் தயாரித்துக்கொள்ளுங்கள். அடையாளம் தெரிந்த சால்மொனெல்லா, ஷிகெல்லா என்ற பேதிக் கிருமிகளை உப்புக் கரைசலில் படிப்படியாக நீர்த்து, ஒவ்வொரு தட்டிலும் ஒரே அளவு பரப்பி, 37 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம் வைத்து, முளைத்த காலனிகளை (கிருமிகள் பெருகிப் புள்ளியாகத் தெரியும் கூட்டங்களை) எண்ணுங்கள். நியூட்ரியன்ட் அகாரில் நூறு முளைத்த இடத்தில் மற்றொன்றில் இருபதுதான் முளைத்தால், அந்த அகார் நாம் தேடும் கிருமியையே நசுக்குகிறது என்று பொருள். கடுமையான அகார்களில் இப்படி முதலில் அடிபடுவது பெரும்பாலும் ஷிகெல்லாதான். அதனால் மெக்காங்கி போன்ற மென்மையான ஒன்றையும் கடுமையான ஒன்றையும் சேர்த்தே பயன்படுத்துவது நல்லது.

எண்ணிக்கைக்கு அடுத்தது நிறம். மெக்காங்கியில், குடலில் இயல்பாகவே வாழும் ஈ.கோலை இளஞ்சிவப்பாகவும், சால்மொனெல்லாவும் ஷிகெல்லாவும் நிறமற்றும் இருக்கும். எக்ஸ்எல்டியில் சால்மொனெல்லா குன்றிமணி போலச் சிவப்பில் கருநடுவுடன் தெரியும். ஷிகெல்லாவோ அகாரின் சிவப்போடு கலந்துவிடுவதால் தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 24 மணி நேரம் கடந்தால் பிற கிருமிகளின் மஞ்சள் காலனிகளும் சிவக்கத் தொடங்கி ஏமாற்றும்.

காலராவுக்குத் தனிச் சோதனை தேவை. மாதிரியைக் காரத்தன்மையுள்ள பெப்டோன் நீரில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வளர்த்து, காலராக் கிருமிக்கென்றே உள்ள டிசிபிஎஸ் அகாரில் தீற்றினால், காலராக் கிருமி மஞ்சளாகத் தெரியும். இந்த அகாரைக் கொதிக்க வைத்தாலே போதும். அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது. தொடக்கத்தில் நான் அப்படி வைத்து ஒரு தொகுதி முழுவதையும் வீணாக்கியிருக்கிறேன். கிருமியை அடையாளம் காண உதவும் ஆக்சிடேஸ் என்ற நொதிச் சோதனைக்கு டிசிபிஎஸ் காலனியை நேரடியாக எடுக்காமல், நியூட்ரியன்ட் அகாருக்கு மாற்றி வளர்த்த பிறகு எடுங்கள்.

மாதிரி தாமதமாக வந்தால் எந்த அகாரும் உதவாது. தொலைவிலிருந்து வருவதைக் வழியில் கிருமிகளை உயிரோடு வைத்திருக்கும் கேரி-பிளேர் ஊடகத்தில் அனுப்பச் சொல்லுங்கள். கையுறையின்றித் தட்டைத் தொடாதீர்கள். பயன்படுத்திய தட்டுகளை ஆட்டோகிளேவ் செய்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.