எலும்பு வகை படிக்கும்போது வழக்கமா சறுக்குற இடங்கள்

விரல் எலும்பு எந்த வகைன்னு கேட்டா பாதிப் பேர் யோசிக்காம ஷார்ட் போன்னு (நீளமும் அகலமும் கிட்டத்தட்ட சமமா இருக்குற வகை) எழுதிடுறாங்க, ஏன்னா பாக்க குட்டையா இருக்கு. தப்பு. விரல்ல இருக்குற ஃபாலாஞ்சஸ் ஒவ்வொண்ணும் லாங் போன் தான். இது ஸ்கேல் வச்சு அளந்து பிரிக்கிற விஷயமே இல்லங்க, அகலத்தை விட நீளம் அதிகமா இருக்கணும், நடுவுல டயாஃபிசிஸ்னு ஒரு தண்டு இருக்கணும், ரெண்டு பக்கமும் கொஞ்சம் உப்புன முனை இருக்கணும், அவ்ளோதான், கால் சுண்டுவிரல்ல இருக்குற துக்கடா எலும்பும் அந்த லிஸ்ட்ல தான் வரும். அப்படியே உல்டாவா விலா எலும்பைப் பாருங்க, எவ்ளோ நீளம், ஆனா அது ஃப்ளாட் போன். தண்டுக்குள்ள ஓடுற மாதிரி மஜ்ஜைக் குழி அதுல கிடையாது, ரெண்டு மெல்லிசான கெட்டித் தகடு, நடுவுல துளைத்துளையான ஸ்பாஞ்சி போன், சாண்ட்விச் மாதிரி. ஸ்டெர்னம் (மார்பெலும்பு), ஸ்கேபுலா (தோள்பட்டை எலும்பு), மண்டையோட்டு மேல்பக்க எலும்புகள் எல்லாம் இதே டிசைன் தான். குதிகால் எலும்பு கால்கேனியஸும் இதே மாதிரி ஏமாத்தும், பாதத்துலயே பெரிய எலும்பு அதுதான், இருந்தாலும் அது டார்சல், அதாவது பாதத்தோட பின்பகுதி எலும்புக் கூட்டத்துல ஒண்ணு, அதனால ஷார்ட் போன்.

ஆக அளவைப் பாக்காதீங்க, வடிவத்தையும் உள் அமைப்பையும் பாருங்க. இது ஒண்ணு பிடிபட்டா கிளாசிஃபிகேஷன்ல வர்ற முக்காவாசி தப்பு தானா காணாமப் போயிடும்.

ஒரே ஒரு ஆள் மட்டும் இதுலயும் குழப்பம் பண்ணுவாரு, காறை எலும்பு, அதாவது க்ளாவிக்கிள். வடிவத்தை வச்சு லாங் போன் தான், ஆனா மத்த லாங் போன்ல இருக்குற மாதிரி ஒழுங்கான மஜ்ஜைக் குழி இதுல இல்ல, மத்ததெல்லாம் குருத்தெலும்புல இருந்து எலும்பா மாறும்போது இது பெரும்பகுதி நேரடியா சவ்வுல இருந்தே உருவாகுது, கருவுல முதல்ல எலும்பாக ஆரம்பிக்கிறதும் இதுதான். கேள்வி கேக்குறவங்களுக்கு இது ரொம்பப் பிடிச்ச எலும்பு, அதனால தனியா எழுதி வச்சுக்கோங்க.

முழங்கால் சில்லு பட்டெல்லாவை சிலர் ஃப்ளாட்னு எழுதுவாங்க, சிலர் ஷார்ட்னு. அது செசமாய்ட், அதாவது டெண்டனுக்குள்ள (தசையை எலும்போட கட்டுற நார்) இருக்குற எலும்பு. தொடையோட முன்பக்க தசையான குவாட்ரிசெப்ஸோட டெண்டனுக்குள்ள புதைஞ்சு இருக்கு, அதான் அந்த வகையில வரக் காரணம். மணிக்கட்டுல பிசிஃபார்ம்னு பட்டாணி சைஸ்ல ஒண்ணு இருக்குல்ல, கார்ப்பல்னு சொல்ற மணிக்கட்டு எலும்புக் கூட்டத்துல ஒண்ணா எண்ணுனாலும் அதுவும் டெண்டனுக்குள்ள இருக்குற செசமாய்ட் தான். கால் கட்டைவிரலுக்கு அடியில கூட பொதுவா ரெண்டு குட்டி செசமாய்ட் இருக்கும், ஆனா அதுங்க 206 கணக்குல வராது.

206னு சொன்னதும் அடுத்த பிரச்சனை. இந்த நம்பர் எல்லாருக்கும் தெரியும், எங்கிருந்து வருதுன்னு கேட்டா தான் திருதிருன்னு முழிப்பாங்க. மண்டையோடு 22, காதுக்குள்ள ரெண்டு பக்கமும் சேர்த்து 6, நாக்குக்கு அடியில ஹயாய்ட் 1, முதுகுத்தண்டு 26, விலா 24, ஸ்டெர்னம் 1, ஆக மொத்தம் 80, இது ஆக்சியல், அதாவது உடம்போட நடு அச்சுல இருக்குற எலும்புகள். மீதி 126 அப்பெண்டிகுலர், அதாவது கை கால் எலும்பும் அதை உடம்போட சேர்க்குற எலும்பும், அதுல கைக்கு முப்பது முப்பது, காலுக்கு முப்பது முப்பது, தோள்பட்டை வளையத்துக்கு 4, இடுப்புக்கு 2. இதுல காது எலும்பையும் ஹயாய்டையும் தான் எல்லாரும் விட்டுடுவாங்க, கடைசில ஏழு உதைக்கும். முதுகுத்தண்டு 33ன்னு ஒரு இடத்துலயும் 26ன்னு இன்னொரு இடத்துலயும் போட்டிருந்தா ரெண்டும் சரி தான், இடுப்புக்குப் பின்னாடி இருக்குற சேக்ரம்ல அஞ்சும் வால் எலும்புல பெரும்பாலும் நாலும் ஒட்டிக்கிட்டு ஆளுக்கு ஒண்ணா ஆயிடுது. பொறந்த குழந்தைக்கு 206ன்னு எழுதிடாதீங்க, 270, 300ன்னு சொல்ற அளவுக்கு அதிகமா இருக்கும், வளர வளர தான் ஒட்டும்.

உடம்போட நடுப்பகுதியில இருக்குன்னு ஸ்கேபுலாவையும் இடுப்பெலும்பையும் ஆக்சியல்ல போடுறது இன்னொரு கிளாசிக் தப்பு. அதுங்க கையையும் காலையும் உடம்போட மாட்டுற கொக்கிகள், அதனால அப்பெண்டிகுலர். இடுப்புக் கிண்ணமான பெல்விஸ்ல சிக்கல் ஜாஸ்தி, ஏன்னா அதுல ரெண்டு பக்க ஹிப் போன் அப்பெண்டிகுலர், பின்னாடி நடுவுல இருக்குற சேக்ரம் ஆக்சியல், ஒரே கிண்ணத்துக்குள்ள ரெண்டு கட்சி.

விலா எலும்புக்கு வருவோம். ஆம்பளைக்கு ஒண்ணு கம்மின்னு இன்னும் சொல்லிக்கிட்டு திரியுறாங்க, ரெண்டு பேருக்கும் 12 ஜோடி தான். முதல் ஏழு ட்ரூ (ஸ்டெர்னமோட நேரடியா சேர்றது), எட்டுல இருந்து பன்னெண்டு வரை ஃபால்ஸ் (நேரடியா சேராதது), கடைசி ரெண்டு ஃப்ளோட்டிங் (முன்பக்கம் எதோடயும் சேராதது). ஃப்ளோட்டிங்கை தனி வகைன்னு நெனச்சு ஃபால்ஸ் மூணு ஜோடின்னு எழுதுறது தான் இங்க நடக்குற தப்பு, அந்த ரெண்டும் ஃபால்ஸுக்குள்ள தான் அடங்கும்.

முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல இருக்குற ரெண்டு எலும்புல ரேடியஸ், அல்னா எது எதுன்னு படத்தைப் பாத்து மனப்பாடம் பண்ணா கண்டிப்பா மாறிப் போகும், உங்க கையிலயே பாருங்க. முழங்கையை மடக்கி உள்ளங்கையை மேல் பாத்த மாதிரி வச்சுக்கிட்டு, இன்னொரு கையால முழங்கை முனையில இருக்குற கூரான எலும்பைத் தொடுங்க, அங்க இருந்து சுண்டுவிரல் பக்கமா மணிக்கட்டு வரைக்கும் விரலைத் தடவிக்கிட்டே வந்தா ஒரு விளிம்பு தட்டுப்படும், அது முழுக்க அல்னா. கட்டைவிரல் பக்கம் இருக்குறது ரேடியஸ். இப்ப உள்ளங்கையைக் கீழ திருப்புங்க, அல்னா பெருசா அசையாது, ரேடியஸ் தான் அதுக்கு மேல குறுக்க புரளுது. இதனால தான் அனாட்டமிக்கல் பொசிஷன்னு உள்ளங்கையை முன்னாடி காட்டி நிக்கிற நிலையை வச்சிருக்காங்க, இல்லன்னா எது உள்பக்கம் எது வெளிப்பக்கம்னு சொல்லவே முடியாது. முழங்காலுக்குக் கீழ இருக்குற ரெண்டு எலும்புல டிபியா உள்பக்கம், ஃபிபுலா வெளிப்பக்கம், அது புரளாது, அதனால அங்க குழப்பம் கம்மி.

மஜ்ஜை விஷயத்துல, எல்லா எலும்புலயும் ரத்தம் ஊறுதுன்னு ஒரு நெனப்பு இருக்கு. சின்னக் குழந்தைக்கு அது ஓரளவு சரி. பெரியவங்களுக்கு கை கால் எலும்போட தண்டுக்குள்ள இருக்குறது பெரும்பாலும் கொழுப்பு நிறைஞ்ச மஞ்சள் மஜ்ஜை, சிவப்பு மஜ்ஜை இடுப்பெலும்பு, முள்ளெலும்பு, ஸ்டெர்னம், விலா, மண்டையோடு, அப்புறம் ஃபீமர் (தொடை எலும்பு), ஹியூமரஸோட (மேல்கை எலும்பு) மேல் முனைல தான் முக்கியமா இருக்கும். மஜ்ஜை டெஸ்ட்டுக்கு பெரும்பாலும் இடுப்பெலும்பு பின்பக்கத்துல ஊசி போடுறது இதனால தான்.

கடைசியா எக்ஸ்ரே பாக்குற நிலைமைல இருக்குறவங்களுக்கு ஒண்ணு. வளர்ற பசங்களோட லாங் போன் முனைக்குப் பக்கத்துல ஒரு கருப்புக் கோடு தெரியும், அது உடைஞ்சது இல்ல, குருத்தெலும்பால ஆன க்ரோத் ப்ளேட், குருத்தெலும்பு எக்ஸ்ரேல தெரியாததால இடைவெளி மாதிரி காட்டுது. வளர்ச்சி முடிஞ்சதும் அது மூடி வெறும் எபிஃபிசியல் லைன்னு சொல்ற ஒரு தழும்புக் கோடா நின்னுடும். பாதத்தோட வெளி ஓரத்துல அஞ்சாவது மெட்டாடார்சல் (சுண்டுவிரலுக்குப் பின்னாடி பாதத்துல இருக்குற நீள எலும்பு) அடியில இது ரொம்பவே ஏமாத்தும், பொதுவா வளர்ச்சிக் கோடு எலும்போட நீளவாக்குல போகும், முறிவு குறுக்க போகும், அதனால கோடு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்துட்டு, வலி அதே இடத்துல இருக்கான்னு தொட்டுப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க.