கனடா வந்து இறங்கின திருகோணமலைப் பிள்ளையளுக்கு: சிஆர்ஏக்கு நீங்களே ஃபோன் எடுத்துக் கதையுங்கோ

லீவுக்கு வந்து உவர்மலையில அக்கா வீட்டில நிக்கிறன். முந்தநாள் பின்னேரம் பக்கத்து வீட்டு அன்ரி ஃபோனைக் கொண்டுவந்து ஒரு படத்தைக் காட்டினா. மகன் ஸ்காபரோவுக்குப் போய் ஏழு மாசம், அவனுக்கு சிஆர்ஏயிட்ட இருந்து, அதான் கனடா ரெவெனியூ ஏஜென்சி, வரி ஆக்கள், அவையிட்ட இருந்து கடிதம் வந்து மூண்டு கிழமையாகுது, பயத்தில உடைக்காமலே வச்சிருந்து பிறகு உடைச்சும் விளங்கேல்ல, இப்ப யாரோ ஒராள் 150 டொலர் தந்தா தான் கதைச்சு முடிச்சுத் தாறன் எண்டு சொல்லியிருக்கிறாராம், குடுக்கலாமோ எண்டு அன்ரி கேக்கிறா.

கடிதத்தைப் பெருசாக்கி வாசிச்சன். கனடாவுக்குள்ள வந்த திகதி என்ன, அதுக்கு முன்னம் உழைச்ச வருமானம் எவ்வளவு, அவ்வளவுதான் கேட்டிருக்கு. பிள்ளை ஜிஎஸ்ரி காசுக்கு, அதான் வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு விற்பனை வரிக்கு ஈடா அரசாங்கம் தாற காசு, அதுக்கு ஆர்சி151 எண்ட ஃபோமை நிரப்பேக்க அந்தக் கட்டங்களை வெறுமையா விட்டிட்டான். இதுக்கு 150 டொலரும் வேண்டாம், மூண்டு கிழமை நித்திரை முழிக்கவும் வேண்டாம். ஒரு கோல் எடுத்து ஆளோட கதைச்சாக் காணும். அண்டைக்கே அவனை எடுக்க வச்சம், அதைப் பிறகு சொல்றன்.

எங்கட ஊரில பழக்கம் வேற. ஒரு அலுவல் எண்டா ஜிஎஸ்ஸிட்ட, அதான் கிராம சேவகரிட்டப் போவம், இல்லாட்டி கச்சேரியில, மாவட்டச் செயலகத்தில போய் நிப்பம், தெரிஞ்ச ஒராள் உள்ளுக்கு இருந்தா அவரைப் பிடிப்பம், முகம் பாத்துக் கதைச்சாத்தான் எங்களுக்கு மனம் ஆறும். சிஆர்ஏயில அந்தக் கவுண்டர் இல்லை. முந்தி இருந்தது, மூடிப் பத்து வருசத்துக்கு மேல. சின் நம்பர், அதான் வேலைக்கும் வரிக்கும் ஒவ்வொராளுக்கும் தாற ஒன்பது இலக்க நம்பர், அதை எடுத்த சேர்விஸ் கனடா கந்தோருக்குப் போய் என்ர ரக்ஸ் என்னாச்சு எண்டு கேட்டா அவையால சொல்லேலாது, அது வேற இடம். இன்ரநெட்டில மை எக்கவுண்ட் எண்டு சிஆர்ஏயில உங்கட கணக்கைப் பாக்கிற இடம் இருக்குத்தான், ஆனா முதல் ரக்ஸ் ஃபைல் பண்ணி, அதான் வருச வருமானக் கணக்கைக் குடுத்து, அதை அவை பாத்து முடிக்காமல் அதைத் திறக்கிறது கஷ்டம். அப்ப புதுசா வந்த ஆளுக்கு மிஞ்சிறது ரெலிபோன்தான். உங்கட சொந்த ரக்ஸ் கேள்விக்கு 1-800-959-8281. சைல்ட் பெனிஃபிட் எண்ட பிள்ளையளுக்கான காசு, ஜிஎஸ்ரி கிரெடிட் மாதிரி வாற காசுகளுக்கு 1-800-387-1193. ரெண்டும் காசில்லாத நம்பர். மாறி எடுத்தா அரை மணித்தியாலம் காத்திருந்து கடைசியில மற்ற நம்பருக்கு எடுங்கோ எண்டுதான் சொல்லுவினம், அதால எது எது எண்டு எழுதி வையுங்கோ.

எடுக்க முதல் மேசையில கடதாசிகளைப் பரப்புங்கோ. இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றன் எண்டா, எனக்கு முதல் வருசம் நடந்தது அப்பிடி. ஒரு தெரிஞ்ச ஆள் எனக்கு ரக்ஸ் செய்து தந்தவர், நான் ஒண்டையும் வாசிக்காமல் கையெழுத்து வச்சிட்டன், கொப்பியும் வாங்கேல்ல. பிறகு பெனிஃபிட் காசு வரேல்லை எண்டு ஃபோன் எடுத்தா, லைனில வந்த பொம்பிளை நல்ல அன்பாத்தான் கதைச்சா, உங்கட விலாசத்தைச் சொல்லுங்கோ எண்டு கேட்டா, நான் இருக்கிற விலாசத்தைச் சொன்னன், அது எங்களிட்ட இருக்கிறதோட பொருந்தேல்லை எண்டா. அந்த ஆள் தன்ர வசதிக்குத் தன்ர விலாசத்தைப் போட்டிருக்கிறார். போன வருச வருமானம் எவ்வளவு எண்டு கேட்டா, அதுவும் தெரியாது. அவ என்ன செய்யிறது, நான் நான்தான் எண்டு அவவுக்குத் தெரியாதே, மேல கதைக்கேலாது எண்டு வச்சிட்டா. அண்டைக்கு நான் சமையலறையில நிண்டு அழுதது இப்பவும் ஞாபகம். என்ர பேரில இருக்கிற கணக்கு, அதில என்ன எழுதியிருக்கு எண்டு எனக்கே தெரியாது.

அதால கையில இருக்கவேண்டியது: சின் நம்பர், சின் கடதாசியில இருக்கிற மாதிரியே முழுப் பேர், பிறந்த திகதி, சிஆர்ஏயிட்ட கடைசியாக் குடுத்த விலாசம். வீடு மாறி இன்னும் சொல்லாட்டி பழைய விலாசத்தைத்தான் முதல் சொல்லவேணும், பிறகு மாறினதைச் சொல்லலாம். ஏற்கனவே ரக்ஸ் ஃபைல் பண்ணியிருந்தா அந்த ரிட்டேர்ன்ட கொப்பியும், அதைப் பாத்து முடிச்சு சிஆர்ஏ அனுப்பின நோட்டிஸ் ஒஃப் அசெஸ்மென்ட் எண்ட கடிதமும். அதில லைன் 15000 எண்டு இருக்கும், மொத்த வருமானம், அதை எடுத்து வையுங்கோ, கனதரம் அதைத்தான் கேப்பினம். கடிதம் வந்து எடுக்கிறதெண்டா கடிதத்தையும் பக்கத்தில வையுங்கோ, மேல ஒரு மூலையில ரெஃபரன்ஸ் நம்பர் இருக்கும். எங்கட ஆக்களுக்கு இன்னொரு வில்லங்கம் பேர். அப்பாட பேர் முன்னுக்கோ பின்னுக்கோ, எது ஃபர்ஸ்ட் நேம் எது லாஸ்ட் நேம் எண்டு ஒவ்வொரு கடதாசியிலயும் ஒவ்வொரு மாதிரிக் கிடக்கும். சின் கடதாசியில எப்பிடிக் கிடக்கோ அப்பிடியே சொல்லுங்கோ. ஸ்ரூடன்ட், வேர்க் பெர்மிட்டில வந்த ஆக்களுக்கு 9இல தொடங்கிற சின், அது பெர்மிட்டோட முடியும், பிஆர், அதான் நிரந்தர வதிவிடம் கிடைச்சாப் புது சின் தருவினம், அப்ப பழையதையும் புதியதையும் ஒண்டாக்கச் சொல்லி சிஆர்ஏக்குச் சொல்லவேணும், இல்லாட்டி உங்கட பேரில ரெண்டு ஆள் மாதிரிக் கிடந்து காசு ஒரு பக்கம் கடன் ஒரு பக்கம் நிக்கும்.

இனி கோல். மார்ச், ஏப்ரல்ல லைன் கிடைக்கிறது சரியான கஷ்டம், ஏனெண்டா ரக்ஸ் ஃபைல் பண்ண ஏப்ரல் 30 கடைசி நாள், முழு நாடும் அப்பதான் எடுக்கும். திங்கக்கிழமையையும் விடுங்கோ, புதன், வியாழன் விடிய லைன் திறந்தவுடன எடுக்கிறதுதான் எனக்குச் சரிவந்தது. முதல்ல மெசின் கதைக்கும், இங்கிலிஷுக்கு ஒண்டு ஃப்ரெஞ்சுக்கு ரெண்டு, பிறகு என்ன விசயம் எண்டு கேக்கும், அவசரப்பட்டு அமத்தாமல் முழுக்கக் கேளுங்கோ. லைன் நீளமா இருந்தா சிலநேரம் உங்களுக்குத் திருப்பி எடுக்கிறம் எண்டு கேக்கும், ஓம் எண்டு அமத்துங்கோ, ஒரு நாலு இலக்க நம்பர் சொல்லும், எழுதி வையுங்கோ, திரும்ப எடுக்கேக்க அதே நம்பரைச் சொல்லுவினம், அப்ப அது உண்மையா அவைதான் எண்டு தெரியும். ஆள் வந்தவுடன பேரையும் ஏஜென்ட் ஐடி நம்பரையும் சொல்லுவினம், விளங்காட்டித் திருப்பிக் கேளுங்கோ, கேக்கிறது மரியாதைக்குறைவு இல்லை. ஒரு கொப்பியில திகதி, நேரம், அந்த ஐடி, சொன்ன பதில், எல்லாம் எழுதுங்கோ.

ஏன் எழுதச் சொல்றன் எண்டா, லைனில சொல்றது எல்லாம் சரியா இருக்கும் எண்டில்லை. 2017இல கனடாவின்ர ஓடிற்றர் ஜெனரல், அரசாங்கக் கணக்காய்வாளர், இந்தக் கோல் சென்டர்களைப் பரிசோதிச்சு அறிக்கை விட்டவர், வந்த கோல்களில பாதிக்கு மேல உள்ளுக்கே விடாமல் தடுத்திருக்கு, ஓடிற்றரின்ர ஆக்கள் எடுத்துச் சோதிச்ச கேள்விகளில கிட்டத்தட்ட 30 வீதத்துக்குப் பிழையான பதில் வந்திருக்கு. 2025 அக்டோபரில வந்த அறிக்கையும் நல்லாச் சொல்லேல்லை, ஒரு ஆளோட கதைக்கச் சராசரியா 31 நிமிசம் காத்திருக்கவேண்டி இருந்தது எண்டுது. இதைச் சொல்றது உங்களைப் பயப்பிடுத்த இல்லை. முக்கியமான கேள்வி எண்டா இன்னொரு நாள் திருப்பி எடுத்து அதே கேள்வியை வேற ஆளிட்டயும் கேளுங்கோ, ரெண்டு பதிலும் ஒண்டெண்டா மனம் நிம்மதி. பிழையான பதிலை நம்பி உங்களுக்குத் தண்டம் வந்திட்டா, அதை நீக்கச் சொல்லிக் கேக்கிற உரிமை இருக்கு, ஆர்சி4288 எண்ட ஃபோம், அப்ப அந்தக் கொப்பியில இருக்கிற திகதியும் ஐடியும்தான் உங்கட சாட்சி.

இங்கிலிஷ். இதுதான் எல்லாரும் பின்னுக்கு நிக்கிற இடம். திருகோணமலை ரவுனில மட்கோவில படிச்ச பிள்ளையும் சரி, மூதூரில இருந்து வந்த அம்மாவும் சரி, ஃபோனில கனடா இங்கிலிஷ் கேட்டா முதல் மாசம் காது அடைக்கத்தான் செய்யும். எடுத்தவுடன "ஐ ஆம் எ நியூகமர், பிளீஸ் ஸ்பீக் ஸ்லோலி" எண்டு சொல்லுங்கோ, மெதுவாக் கதைப்பினம். அதுக்கும் ஏலாட்டி, தெரிஞ்ச ஒராளைப் பக்கத்தில வச்சு ஸ்பீக்கரில போட்டு, முதல்ல நீங்களே பேர், சின், பிறந்த திகதி எல்லாம் சொல்லி, பிறகு இவர் எனக்காகக் கதைக்க நான் சம்மதிக்கிறன் எண்டு உங்கட வாயால சொல்லவேணும், அந்தக் கோலுக்கு மட்டும் அது செல்லும். ஒவ்வொருமுறையும் கதைக்க ஒராள் வேணுமெண்டா அவரை முறைப்படி ரெப்ரசென்டேற்றிவ் எண்டு பதியலாம், அதில லெவல் 1 எண்டா பார்க்க மட்டும், லெவல் 2 எண்டா மாத்தவும் ஏலும். தெரியாமல் லெவல் 2 குடுக்காதேங்கோ. உங்கட சின் நம்பரைக் குடுத்து, நீங்க மாதிரியே கதைக்கச் சொல்லி ஒருத்தரிட்டயும் விடாதேங்கோ, அந்த 150 டொலர் ஆள் செய்ய நினைச்சது அதைத்தான்.

கலியாணம் கட்டின ஆக்களுக்கு ஒண்டு. வீட்டில ஆம்பிளைதான் எல்லா அலுவலும் பாக்கிறவர் எண்டு அண்ணாமார் ஃபோன் எடுக்கிறவை, பிள்ளையளின்ர காசு ஏன் வரேல்லை எண்டு கேக்கிறவை, சிஆர்ஏ ஆக்கள் உங்களோட கதைக்கேலாது எண்டு சொல்லுவினம், இவருக்குக் கோபம் வரும். தாயும் தகப்பனும் ஒரே வீட்டில இருந்தா சைல்ட் பெனிஃபிட் பொதுவாத் தாயின்ர பேரிலதான் போகும், கணக்கும் அவவின்ரதான், புருசன் எண்டாலும் அனுமதி இல்லாமல் ஒண்டும் சொல்லாயினம். தங்கச்சிமாரே, நீங்க எடுங்கோ. அதோட வருமானம் ஒரு சதம் இல்லாட்டியும் ரெண்டு பேரும் ஒவ்வொரு வருசமும் ரக்ஸ் ஃபைல் பண்ணவேணும், ஒராள் விட்டாலும் ஜூலையோட காசு நிக்கும். வருமானம் குறைஞ்ச ஆக்களுக்குத் தொண்டர்கள் இனாமாச் செய்து தாற ரக்ஸ் கிளினிக் இருக்கு, லைபிரரி, கம்யூனிற்றி சென்டர் மாதிரி இடங்களில நடக்கும், 1-800-959-8281க்கு எடுத்துக் கேட்டாலும் சொல்லுவினம்.

ஊரில இருக்கிற வீடு வளவைப் பற்றியும் கேளுங்கோ, ஒளிக்காதேங்கோ. கனடாவில குடியிருக்கத் தொடங்கின நாளில இருந்து உலகத்தில எங்க உழைச்சாலும் அங்க காட்டவேணும், நிலாவெளியில வாடகைக்கு விட்ட வீட்டின்ர காசும் அதுக்குள்ளதான். இலங்கைக்கும் கனடாவுக்கும் இடையில வரி ஒப்பந்தம் இருக்கு, ஒரே காசுக்கு ரெண்டு இடத்திலயும் முழு வரி கட்டாமல் இருக்க வழி இருக்கு, அதை லைனில கேட்டு விளங்கலாம். வாடகைக்கு விட்ட வீடு, பாங்கில கிடக்கிற காசு மாதிரி கனடாவுக்கு வெளியில இருக்கிற சொத்துகளின்ர பெறுமதி (நீங்க கனடாவுக்கு வந்த நாளில இருந்த பெறுமதி, பிறகு வாங்கினதுக்கு வாங்கின விலை) எல்லாமாக் கூட்டி ஒரு லட்சம் கனேடிய டொலருக்கு மேல போனா ரி1135 எண்ட ஃபோம், முதல் வருசம் புதுசா வந்த ஆளுக்கு அது தேவையில்லை, அடுத்த வருசத்தில இருந்து. நீங்க வந்து போகேக்க தங்கிற வீடு அதில சேராது. இதெல்லாம் ஒராளும் சொல்லித் தரமாட்டினம், ஆனா கேட்டாப் பதில் இருக்கு.

கள்ளக் கோல். இதைக் கவனமா வாசியுங்கோ. நீங்க எடுக்காமல் அவை எடுத்து, இப்ப காசு கட்டாட்டி பொலிஸ் வரும், நாடு கடத்துவம் எண்டு வெருட்டினா அது சிஆர்ஏ இல்லை. கிஃப்ட் கார்ட், பிற்கொயின், இ-ட்ரான்ஸ்ஃபரில காசு அனுப்பு எண்டு சிஆர்ஏ கேக்காது. உங்களுக்கு ரீஃபண்ட் இருக்கு லிங்கை அமத்துங்கோ எண்டு மெசேஜும் அனுப்பாது. அகதி கேஸ் நிலுவையில இருக்கிற பிள்ளையளுக்கு நாடு கடத்துவம் எண்ட சொல்லைக் கேட்டா நெஞ்சு நிண்டுபோம், அந்தக் களவாணியளுக்கு அது தெரியும். வையுங்கோ ஃபோனை. வச்சிட்டு 1-800-959-8281க்கு நீங்களா எடுத்து, என்ர பேரில ஏதும் இருக்கோ எண்டு கேளுங்கோ.

அன்ரியின்ர மகன்ட கதை. இப்ப கோடையில இஞ்ச பின்னேரம் ஆறரை எண்டா ரொறொன்ரோவில விடிய ஒன்பது, குளிர்காலத்தில வித்தியாசம் பத்தரை மணித்தியாலம். நான் இஞ்ச இருந்து வட்சப்பில நிண்டன், அவன் அங்க மற்ற ஃபோனில எடுத்தான், அன்ரி கதிரையில இருந்து சீலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு இருந்தா. நாப்பது நிமிசம் போலப் பாட்டுத்தான் கேட்டம். ஆள் வந்ததும் குரல் நடுங்கிச்சு, பிறகு பேர், சின், திகதி எல்லாம் ஒழுங்காச் சொன்னான், ஒரு சொல் விளங்கேல்லை, திருப்பிக் கேட்டான். பாஸ்போர்ட்டில வந்த திகதி முத்திரை அடிச்ச பக்கத்தின்ர கொப்பியும், வர முதல் உழைச்ச வருமானத்தை எழுதி ஒரு சின்னக் கடிதமும், கடிதத்தில இருக்கிற விலாசத்துக்கு அனுப்பச் சொன்னவை. ஏஜென்ட் ஐடியை எழுதினியோ எண்டு கேட்டன், ஓம் அக்கா எண்டான்.

லீவுக்கு ஊருக்கு வந்து நிக்கேக்க உங்களுக்கே எடுக்கவேண்டி வந்தா, இஞ்ச இருந்து 1-800 நம்பரை நம்பியிருக்காதேங்கோ, கனடா அமெரிக்காவுக்கு வெளியில இருந்து எடுக்கிற நம்பர் 613-940-8495, முன்னுக்கு 001 போடுங்கோ. இது காசு போற கோல், கார்டில மணித்தியாலக் கணக்குக்குக் காசு இருக்கோ எண்டு பாத்திட்டு எடுங்கோ, கடதாசிகளைப் படம் எடுத்து ஃபோனிலயே வச்சுக்கொண்டு வாங்கோ.