டேப் பந்து உரியாமல் இருக்க: என் அனுபவம்

பினாங்கின் செபராங் பிறையில், ஞாயிறு தோறும் தோட்டத் திடலில் கிரிக்கெட் ஆடும் எங்கள் குழுவுக்கு ஒரே தொல்லை: டென்னிஸ் பந்தில் சுற்றிய ஒயரிங் டேப் மூன்றாவது ஓவருக்குள் உரிந்து தொங்கும்.

கூடுதல் சுற்று போட்டோம். பந்து கனத்தது, எழும்பவில்லை, டேப் உரிவது நிற்கவில்லை. விலை கூடிய டேப்பும் அப்படியே. பசை தடவினால் ஒரு பக்கம் கட்டிப்பட்டுப் பந்து தள்ளாடியது.

உரிவது எப்போதும் கடைசி நுனியில்தான். அதைக் கவனித்த பிறகுதான் வழி பிறந்தது. ஒயரிங் டேப் பிவிசி பிளாஸ்டிக்கால் ஆனது; இழுத்து ஒட்டினால் அது பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்க்கும். நுனிக்கு மேல் பிடித்துக்கொள்ள அடுத்த சுற்று இல்லாததால் முதலில் கிளம்புவது அதுவே. கையால் இழுத்து அறுத்தால் நுனி இன்னும் நீண்டுவிடும். பெரும்பாலோர் அப்படித்தான் அறுக்கிறார்கள்.

இப்போது பந்தை முந்தின இரவே காற்றாடிக்கு அடியில் வைத்துவிடுகிறேன். ரோமத்தில் ஈரமிருந்தால் டேப் பிடிக்காது, பினாங்கு மழைக்கு இது முக்கியம். 19 மில்லிமீட்டர் டேப்பை லேசாக இழுத்து, கால் பங்கு மேலேறும்படி ஒரே அடுக்கு. கடைசி 5 சென்டிமீட்டரை இழுக்காமல் படியவைத்து, கத்தரிக்கோலால் வெட்டி, உள்ளங்கையில் அழுத்தி உருட்ட வேண்டும். ஈரப் புல்லிலும் ஆட்டம் முடியும்வரை நுனி கிளம்பவில்லை. நிம்மதி!