120 வோல்ட் சாமான்களை 230 வோல்ட்டில் ஓட்டுவது எப்படி?

முதலில் சாதனத்தைத் திருப்பி அடியில் உள்ள லேபிளைப் பாருங்கள். இன்புட் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் டிரான்ஸ்ஃபார்மரே வேண்டாம், பிளக் அடாப்டர் போதும். லேப்டாப், போன் சார்ஜர் எல்லாம் பெரும்பாலும் இந்த ரகம்தான். வெறும் 120 என்று இருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் (வோல்ட்டைக் குறைத்துக் கொடுப்பது) கட்டாயம் வேண்டும்.

அடுத்தது வாட் கணக்கு. லேபிளில் ஆம்பியர் மட்டும் இருந்தால் வோல்ட்டால் பெருக்குங்கள்: 120 வோல்ட் × 5 ஆம்பியர் = 600 வாட். மோட்டார் உள்ள சாமான்கள் ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதனால் 600 வாட் மிக்சிக்கு நான் 1500 வி.ஏ.வுக்கு (வோல்ட்-ஆம்பியர்; டிரான்ஸ்ஃபார்மரின் தாங்குதிறன் அளவு, ஏறக்குறைய வாட் மாதிரி) குறைந்து வாங்க மாட்டேன். 1500 வாட் ஹேர் டிரையருக்கெல்லாம் டிரான்ஸ்ஃபார்மர் தேடாதீர்கள்; போன இடத்திலேயே ஒன்று வாங்குவது மேல்.

இப்போது பலரும் கோட்டை விடும் இடம். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை, அதாவது மின் அலை நொடிக்கு எத்தனை சுற்று என்பதை, தொடாது. அமெரிக்கச் சாமான்கள் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தவை. 230 வோல்ட் நாடுகளில் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ். நேரத்துக்கு மெயின்ஸ் மின்சாரத்தின் ஹெர்ட்ஸையே நம்பி ஓடும் பழைய மேசைக் கடிகாரம் மணிக்கு 10 நிமிடம் பின்தங்கும். பழைய ரக ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் மெதுவாக ஓடி, அளவுக்கு மேல் சூடாகும். மிக்சிக்கு இந்தக் கவலை இல்லை. ஓடும்போது அதன் காற்றுத் துளை வழியே நீலப் பொறி தெரிகிறதல்லவா, அது கார்பன் பிரஷ் மோட்டார். 50, 60 இரண்டிலும் ஓடும்.

வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். உள்ளே இரும்புக் கட்டையும் (கோர்) செம்புக் கம்பிச் சுற்றும் உள்ளது கனக்கும். உள்ளங்கை அளவில் இருந்துகொண்டு 1600 வாட் என்று சொல்லும் கன்வெர்ட்டர் மின் அலையை வெட்டித்தான் கொடுக்கும். ஹீட்டர் காயிலுக்கு மட்டுமே சரி. எர்த் பின்னும் ஃபியூஸும் இல்லாததை நான் தொடவே மாட்டேன்.

மாட்டும் முன் இன்புட் செலக்டர் சுவிட்ச் 220 பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்து அவுட்புட்டை அளந்துவிடுங்கள். லோடு இல்லாதபோது கொஞ்சம் அதிகமாகக் காட்டுவது சகஜம். டிரான்ஸ்ஃபார்மரை முதலில் ஆன் செய்து, பிறகு சாதனத்தைப் போடுங்கள். வேலை முடிந்ததும் சுவரிலேயே அணைத்துவிடுங்கள். சும்மா இருந்தாலும் அது கரண்ட் இழுத்துச் சூடாகும்.

பின்சேர்க்கை: ஜப்பான் சாமான்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே 100 வோல்ட். 110 வோல்ட் அவுட்புட்டில் மாட்டினால் ஹீட்டர் காயில் ஏறக்குறைய 21 சதவீதம் கூடுதல் வாட் இழுக்கும். ரைஸ் குக்கருக்கு 100 வோல்ட் அவுட்புட் உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.