கிட்டில் இப்போது எந்தக் கிளையில் நிற்கிறீர்கள்?

ஃபைல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளான கிட்டைப் பழக ஆரம்பித்த புதிதில், பிராஞ்ச் (கிளை) போட்டால் மொத்த ஃபோல்டரும் இன்னொரு காப்பியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனாலேயே புதுக் கிளை போடத் தயங்குவேன். உண்மையில் கிளை என்பது ஒரு கமிட்டின் (ஃபைல்களின் அந்த நேரத்து நிலையைச் சேமித்த பதிவின்) 40 எழுத்து அடையாளத்தைக் குறித்து வைத்த துண்டுச் சீட்டு, அவ்வளவுதான். நம்பாவிட்டால் திறந்தே பார்த்துவிடலாம். (கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

1. காலி ஃபோல்டர் ஒன்றில் 'கிட் இனிட்' கொடுங்கள். ஏதாவது ஒரு ஃபைலை உருவாக்கி, ஆட் செய்து, கமிட் செய்யுங்கள்.

2. 'கிட் பிராஞ்ச்' என்று அடியுங்கள். மெயின் அல்லது மாஸ்டர் என்று ஒரே ஒரு பெயர் வரும், முன்னால் நட்சத்திரக் குறியோடு. நட்சத்திரம் இருக்கும் இடம்தான் நீங்கள் நிற்கும் இடம். (மாஸ்டர் என்று வந்தால், கீழே மெயின் என்று வரும் இடமெல்லாம் மாஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

3. இப்போது புள்ளியில் தொடங்கும் 'கிட்' ஃபோல்டருக்குள் போங்கள். மறைந்திருக்கும், தெரியும்படி செட்டிங்கை மாற்ற வேண்டியிருக்கலாம். உள்ளே 'ஹெட்' என்ற ஃபைலில் ஒரே வரி: 'ரெஃப்: ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மெயின்'. எந்தச் சீட்டு உங்கள் கையில் இருக்கிறது என்று ஹெட் சொல்கிறது. அந்தச் சீட்டோ 'ரெஃப்ஸ்/ஹெட்ஸ்' ஃபோல்டரில் மெயின் என்ற பெயரில் கிடக்கிறது. அதையும் திறந்து, முதல் நான்கைந்து எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. 'கிட் ஸ்விட்ச் -சி டெஸ்ட்'. புதுக் கிளை தயார், நீங்களும் அதற்கு மாறிவிட்டீர்கள். (ஸ்விட்ச் கட்டளை 2019-இல்தான் வந்தது. பழைய பாடங்களில் செக்அவுட் என்று இருக்கும்.) டெஸ்ட் சீட்டைத் திறந்தால் மெயினில் இருக்கும் அதே 40 எழுத்துதான்.

5. இன்னொரு ஃபைல் சேர்த்துக் கமிட் செய்துவிட்டு மூன்றையும் திரும்பப் பாருங்கள். மெயின் அப்படியே இருக்கிறது. டெஸ்ட் மாறியிருக்கிறது. ஹெட்டில் இன்னும் 'டெஸ்ட்' என்ற பெயர்தான். கமிட் செய்யும்போது நகர்வது கையில் இருக்கும் சீட்டு மட்டுமே. இது ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

6. 'கிட் ஸ்விட்ச் மெயின்'. அப்போது சேர்த்த ஃபைல் காணாமல் போகும். முதல்முறை நான் பதறிப்போய் அதைத் திரும்பவும் எழுதி முடித்தேன்! டெஸ்டுக்குத் திரும்பினால் அது அங்கேயே இருக்கும்.

7. பழைய கமிட் ஒன்றுக்கு நேராகப் போக 'கிட் ஸ்விட்ச் --டிடாச்' கொடுத்து, அதன் அடையாளத்தைச் சேர்த்து அடியுங்கள். இப்போது ஹெட்டில் கிளைப் பெயருக்குப் பதில் அந்த 40 எழுத்தே நேரடியாக இருக்கும். இதைத்தான் 'டிடாச்டு ஹெட்' என்கிறார்கள். சுற்றிப் பார்ப்பதில் ஆபத்தில்லை. ஆனால் இங்கே கமிட் செய்தால் அதைக் குறித்துக்கொள்ள எந்தச் சீட்டும் இல்லை. அதனால் கிளம்பும் முன் 'கிட் ஸ்விட்ச் -சி' கொடுத்து ஒரு பெயர் வைத்துவிடுங்கள்.

மறந்து கிளம்பிவிட்டீர்களா? சரி, 'கிட் ரெஃப்லாக்' அடியுங்கள். ஹெட் போய்வந்த இடமெல்லாம் வரிசையாக வரும். எந்தக் கிளையிலும் சேராத கமிட்டுகளின் பதிவை கிட் இயல்பாக 30 நாள் வைத்திருக்கும். அதற்குள் அடையாளத்தை எடுத்து, 'கிட் பிராஞ்ச்', ஒரு பெயர், அந்த அடையாளம் என்று வரிசையாகக் கொடுத்தால் கிடைத்துவிடும்.