ரேகை விழாத விரல்களும் ஒரு வாழ்நாள் சான்றும்

போன நவம்பரில் பெரியம்மாவை வாழ்நாள் சான்று கொடுக்கக் கூட்டிப்போனேன். பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று ஆண்டுதோறும் காட்டும் சான்று அது. ரேகைக் கருவியில் வலது கட்டைவிரலை வைத்தார். விழவில்லை. இடது கை, ஆள்காட்டி விரல், மோதிர விரல் என்று பத்து விரலும் ஒரு சுற்று வந்துவிட்டன. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தோம். வரிசையில் நின்ற ஒருவர், விரலை முன்நெற்றியில் தேய்த்துவிட்டு வைக்கச் சொன்னார். அதையும் செய்தார். "நான் உயிரோடதான் இருக்கேன்னு இந்த மெஷினுக்கு யாராவது சொல்லுங்கப்பா" என்று உட்கார்ந்துவிட்டார்.

கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. அது விரலின் மொத்தப் படத்தைப் பார்ப்பதில்லை. ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகளைத்தான் தேடுகிறது. வயதானால் தோல் வறண்டு, ரேகை மேடுகள் தட்டையாகிவிடும். காலமெல்லாம் பாத்திரம் துலக்கிய கை என்றால் கேட்கவே வேண்டாம்.

சரி, போன் கேமராவில் முகத்தைக் காட்டியே வேலையை முடிக்கலாம் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். பத்து நிமிட வேலை எனக்கு ஒன்பது நாள் ஆனது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஆதார் எண், பி.பி.ஓ. எண் (ஓய்வூதிய ஆணையின் எண்), பென்ஷன் வரவாகும் வங்கிக் கணக்கு எண், ஓடிபி வரும் போன். பி.பி.ஓ. எண்ணை ஞாபகத்திலிருந்து அடிக்காதீர்கள். பழைய ஆணையை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு செயலிகள்

ஆண்ட்ராய்டு போனில் 'ஆதார் ஃபேஸ் ஆர்.டி.', 'ஜீவன் பிரமான் ஃபேஸ்' இரண்டையும் நிறுவ வேண்டும். வாழ்நாள் சான்றை மின்னணு முறையில் எடுக்கும் அரசு ஏற்பாட்டின் பெயர்தான் ஜீவன் பிரமான். பிளே ஸ்டோரில் பெயரைத் தட்டித் தேடுவதைவிட, ஜீவன் பிரமான் அரசுத் தளத்திலிருந்து உள்ளே போவதுதான் எனக்குப் பிடிக்கும். பெயரை ஒட்டிப் போலிகள் வந்தாலும் அதில் விழ மாட்டோம்.

முதல் செயலியை நிறுவிவிட்டுத் திரையில் தேடினால் அதன் ஐகானே இருக்காது! நான் அழித்து அழித்து மூன்று முறை நிறுவினேன். அது பின்னணியில் மட்டும் வேலை செய்வது. தனியாகத் திறக்க எதுவும் இல்லை. போனின் அமைப்புகளில் செயலிகள் பட்டியலைப் பாருங்கள், பெயர் இருந்தால் போதும். கேமரா அனுமதியையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

நான் கவிழ்ந்த இடம்: ஆபரேட்டர்

ஜீவன் பிரமான் செயலியைத் திறந்ததும் ஆதார் எண், போன் எண், மின்னஞ்சல் கேட்கும். ஓடிபி வரும். அப்புறம் முகத்தைக் காட்டச் சொல்லும். பெரியம்மாவுடையதைக் கொடுத்தேன், அவர் முகத்தைக் காட்டினேன், வெற்றி என்று வந்தது. முடிந்தது என்று போனை மூடி வைத்துவிட்டு அவரிடமும் சொல்லிவிட்டேன். ஒரு வாரமாகியும் பிரமான் ஐடி, அதாவது சான்றின் எண், வரவில்லை.

நடந்தது என்னவென்றால், அது ஓய்வூதியருக்கான திரையே அல்ல. போனை இயக்குபவர் யார் என்று பதிவுசெய்யும் திரை. அவரைத்தான் ஆபரேட்டர் என்கிறார்கள். மகனோ மகளோ பக்கத்து வீட்டுக்காரரோ, யார் வேண்டுமானாலும் இருக்கலாம். அங்கே உங்கள் ஆதாரைக் கொடுத்து உங்கள் முகத்தைக் காட்டுங்கள். அந்தப் போனில் ஒரு முறை செய்தால் போதும். அதன்பின் அதே போனில் எத்தனை பெரியவர்களுக்கும் எடுத்துக் கொடுக்கலாம். ஓய்வூதியரே ஆபரேட்டராகவும் இருக்கலாம், தவறில்லை. ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. இரண்டாவது சுற்றுதான் சான்று.

இரண்டாவது சுற்று

இப்போது ஓய்வூதியரின் ஆதார், போன் எண், ஓடிபி. அடுத்த திரையில் பெயர், பென்ஷன் வகை, அனுமதித்த துறை, பட்டுவாடா செய்யும் வங்கி, பி.பி.ஓ. எண், கணக்கு எண். பென்ஷன் வகையில் நிதானம் தேவை. பெரியம்மா வாங்குவது பெரியப்பாவின் குடும்ப ஓய்வூதியம். அவசரத்தில் 'சர்வீஸ்' (தானே வேலை பார்த்து வாங்கும் பென்ஷன்) என்று தட்டியிருந்தால் பின்னால் நிராகரித்துவிடுவார்கள்.

மறுமணம் செய்துகொண்டீர்களா என்றும் ஒரு கேள்வி வரும். எழுபத்தெட்டு வயதுப் பெரியம்மாவிடம் அதைப் படித்துக்காட்டும் தைரியம் எனக்கு இல்லை. நானே 'இல்லை' என்று தட்டிவிட்டு நகர்ந்தேன்.

முகம் காட்டுவது

ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைக்காதீர்கள். பின்னால் வெளிச்சம் இருந்தால் முகம் கறுத்துவிடும். நான்கு முறை தோற்றது அதனால்தான். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், பின்னால் வெறும் சுவர் இருந்தால் நல்லது. கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். போனை அவர் கையில் கொடுக்காமல், கண் மட்டத்துக்கு நீங்களே பிடியுங்கள். வட்டத்துக்குள் முகம் சரியாக வந்ததும் கண் சிமிட்டச் சொல்லும். எதிரே இருப்பது புகைப்படமல்ல, உயிருள்ள ஆள்தான் என்று பார்க்கிற வழி அது. பெரியம்மா 'சிமிட்டு' என்றதும் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார். சாதாரணமாகச் சிமிட்டினால் போதும்.

(பென்ஷனுக்கும் ரேகைக்கும் உள்ள உறவு புதிதல்ல. 1877இல் வங்காளத்தின் ஹூக்ளியில் மாஜிஸ்திரேட்டாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், இறந்துபோனவர் பெயரில் வேறு யாரோ ஓய்வூதியம் வாங்குவதைத் தடுக்க விரல் ரேகை வாங்கினார். பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "அவர் காலத்துல என் விரலை வெச்சுப் பார்த்திருக்கணும்" என்றார்.)

முடிந்ததும் பிரமான் ஐடி குறுஞ்செய்தியில் வரும். அதை வைத்துத் தளத்தில் சான்றை இறக்கிக்கொள்ளலாம். ஐடி வந்துவிட்டது என்பதாலேயே வங்கி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தமில்லை. சில நாள் கழித்து நிலையைப் பாருங்கள். விவரம் தவறாகி நிராகரித்திருந்தால் சரியான விவரத்தோடு மறுபடி எடுக்கலாம்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தவை

எல்லாம் சரியாகச் செய்தும் 330 என்ற பிழை வருவதாக ஒருவர் எழுதியிருந்தார். அவர் எப்போதோ ஆதாரில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைத்திருக்கிறார். பூட்டினால் ரேகை, கருவிழி, முகம் மூன்றும் வேலை செய்யாது. மை ஆதார் தளத்தில் தற்காலிகமாகத் திறந்துகொண்டு உடனே வேலையை முடியுங்கள். கொஞ்ச நேரத்தில் தானே பூட்டிக்கொள்ளும். பூட்டி வைப்பது நல்ல பழக்கம்தான். பெரியம்மாவுக்கும் சான்று எடுத்த கையோடு பூட்டிவிட்டேன்.

நவம்பர் கெடு எல்லாருக்குமா என்று கேட்டிருந்தார்கள். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர். 80 வயது ஆனவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். இ.பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) பென்ஷன் வாங்குபவர்கள் எந்த மாதத்திலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். மாநில அரசு ஓய்வூதியர்கள் கருவூலத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ காலில் எடுக்க முடியுமா என்று ஒரு சகோதரி கேட்டார். முடியாது. போன் அவர் முகத்துக்கு நேரே இருக்க வேண்டும். பக்கத்தில் செய்துகொடுக்க ஆள் இல்லையென்றால் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வழியாகத் தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொடுப்பார், கட்டணம் உண்டு.